நுணல் பணம் கட்டிய குதிரை

(மூன்றாவது ரேஸ் முடிந்து பத்து நிமிடம். காலரிப் படிக்கட்டு முழுக்கக் கிழித்துப் போட்ட டிக்கெட்டுகள். சுந்தரம் மாமா கடைசிப் படியில் உட்கார்ந்து ரேஸ் கார்டில் பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருக்கிறார். அக்கா மகன் குமார், மைதானத்தில் பந்தயப் பணம் கட்டுகிற டோட் கவுண்டர் பக்கமிருந்து வருகிறான். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை.)

மாமா: என்னடா, 7-ஆம் நம்பர்தானே வந்தது? நீயும் அதில்தானே கட்டினாய்?

குமார்: கட்டினேன் மாமா. ஜெயித்தது. ஆனால் இது பகல் கொள்ளை.

மாமா: யார் கொள்ளையடித்தது? குதிரையா?

குமார்: கவுண்டர்காரர். நான் டிக்கெட் வாங்கும்போது போர்டில் 7-க்கு நேரே 8 என்று இருந்தது, என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். நூறு கட்டினேன். எண்ணூறு வர வேண்டும். நானூற்று இருபதை எண்ணி வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார். கேட்டால், ‘போர்டைப் பாருங்கள்’ என்கிறார். பார்த்தால் 4.20 என்று இருக்கிறது. போர்டும் அவர்கள் கட்சி.

மாமா: (சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்து விசிறிக்கொண்டே) எனக்கு அறுநூறு வந்தது.

குமார்: உங்களுக்கு எப்படி? நீங்கள் தனி ஆளாகப் பந்தயம் வாங்குகிற புக்கியிடம் ஒன்றுக்கு 5-தானே வாங்கினீர்கள்? 5-ஐ விட 8 பெரிது என்றுதானே நான் டோட்டுக்குப் போனேன்!

மாமா: பெரிதுதான். கணக்கு வாத்தியாரிடம் உனக்கு நல்ல பெயர் இருந்திருக்கும். ஆனால் இரண்டும் ஒரே மாதிரி எண் இல்லை. புக்கி ஒன்றுக்கு 5 என்றால் லாபம் மட்டும் 5. நீ கட்டின ஒன்றும் தனியாகத் திரும்பி வரும், ஆக 6. டோட் போர்டில் 8 என்றால் நீ கட்டினதும் அதற்குள்ளேயே. லாபம் 7-தான்.

குமார்: 7 என்றாலும் எழுநூறு லாபமாச்சே. எனக்கு வந்தது முந்நூற்று இருபதுதானே?

மாமா: அது வேறு கதை. புக்கி உனக்குச் சொல்வது விலை. நீ சரி என்றால் சீட்டில் எழுதிக் கொடுத்துவிடுவார், அதோடு அந்தப் பேரம் முடிந்தது. அடுத்த நிமிடமே அவர் அதே குதிரைக்கு ஒன்றுக்கு 2 என்று கத்தினாலும் உன் சீட்டில் 5 அப்படியேதான் இருக்கும். டோட்டில் விலையே கிடையாது. எல்லாரும் கட்டின பணத்தையும் ஒரே உண்டியலில் போட்டு, நடத்துகிறவர்கள் தங்கள் பங்கை முதலில் எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஜெயித்தவர்களுக்குப் பிரிப்பார்கள். நீ பார்த்த 8 இருக்கிறதே, அது ‘இந்த நொடியில் ஜன்னலை மூடினால் இவ்வளவு வரும்’ என்ற ஊகம். ஜன்னலை அந்த நொடியில் யார் மூடினார்கள்?

குமார்: அதை ஏன் எட்டு என்று அவ்வளவு தைரியமாக எழுதுகிறார்கள்?

மாமா: எழுதத்தான் செய்வார்கள். இங்கே வா, கார்டின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. நீ கட்டும்போது உண்டியலில் ஒரு லட்சம் இருந்தது என்று வை. நடத்துகிறவர் பங்கு நூற்றுக்கு இருபது என்று வை. இடத்துக்கு இடம் அது மாறும், இது கணக்குக்கு. மிச்சம் எண்பதாயிரம். 7-ஆம் நம்பரில் விழுந்திருந்தது பத்தாயிரம். வகுத்துப் பார்.

குமார்: எட்டு!

மாமா: ரேஸ் கிளம்பும்போது உண்டியலில் ஒன்றரை லட்சம். இருபது சதவீதம் போனால் ஒரு லட்சத்து இருபதாயிரம். ஆனால் 7-இல் மட்டும் இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு. இப்போது வகு.

குமார்: (உதட்டைக் கடித்துக்கொண்டு, செல்போனில்) 4.2105... மாமா! அப்படிப் பார்த்தாலும் நானூற்று இருபத்தொன்று சொச்சம் வர வேண்டும். ஒன்று குறைகிறது!

மாமா: அது ரவுண்டு பண்ணும்போது போய்விடும். டோட் ரவுண்டு பண்ணுவது எப்போதும் கீழ்ப்பக்கம்தான். மேல்ப்பக்கம் ரவுண்டு பண்ணின டோட்டை நான் இன்னும் பார்க்கவில்லை.

குமார்: ஒன்றைக்கூட விடுவதில்லையா!

மாமா: அந்த ஒன்றை விடு. பத்தாயிரம் எப்படி இருபத்தெட்டாயிரத்து ஐந்நூறு ஆனது, அதைக் கேள். கடைசி ஐந்து நிமிடத்தில் 7-ஆம் நம்பரில் அத்தனை பேர் எப்படி வந்து விழுந்தார்கள்?

குமார்: எனக்கு எப்படித் தெரியும்?

மாமா: நீ வரிசையில் நிற்கும்போது என்ன பண்ணிக்கொண்டிருந்தாய்?

குமார்: சும்மாதான் நின்றேன். பேசிக்கொண்டிருந்தேன்.

மாமா: என்ன பேசினாய்?

குமார்: (மெதுவாக) முன்னால் நின்றவரிடம், 7-ஐக் காலையில் பயிற்சியில் பார்த்தேன், சும்மா பறக்கிறது என்றேன். பின்னால் நின்றவர் ‘என்ன, என்ன’ என்றார். அவருக்கும் சொன்னேன். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம், அதனால் சத்தமாகச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

மாமா: நுணலும் தன் வாயால் கெடும். மருமகனே, புக்கியிடம் கட்டினால் உனக்கு எதிராளி ஒரே ஆள், அந்தப் புக்கி. டோட்டில் கட்டினால், உன் குதிரையில் கட்டின அத்தனை பேரும் உன் பங்காளி. நீ போய் வரிசை முழுக்கப் பங்காளி சேர்த்துவிட்டு, சொத்து குறைந்துவிட்டது என்று என்னிடம் வந்து அழுகிறாய்.

குமார்: குதிரை ஓட ஆரம்பித்த பிறகும் போர்டில் எண் இறங்கியதே? அதுவும் நான் பேசினதாலா?

மாமா: அந்தப் பாவம் உன்னைச் சேராது. கடைசி நொடியில் வெளியிலிருந்து, கம்ப்யூட்டரிலிருந்து வந்து விழுகிற பணத்தைக் கூட்டி முடிக்கவே கொஞ்ச நேரம் ஆகும். பந்தயம் கட்டுவது நின்றுபோயிருக்கும், கூட்டல் மட்டும் நிற்காது. பெரிய தொகை கட்டுகிறவர்கள் வேண்டுமென்றேதான் கடைசி நொடிவரை காத்திருப்பார்கள். உன்னைப்போல் அரைமணி நேரம் முன்னால் வந்து ஊருக்குச் சொல்ல மாட்டார்கள்.

குமார்: யார் மாமா இந்த உண்டியலைக் கண்டுபிடித்தது? அந்த ஆளைப் பார்க்க வேண்டும்.

மாமா: ஜோசப் ஒல்லர் என்று ஒருவர், 1867-இல், பாரிஸில். பெயரே பாரி மூச்சுவேல். தங்களுக்குள் கட்டிக்கொள்ளும் பந்தயம் என்று அர்த்தம். பின்னால் 1889-இல் மூலான் ரூழ் என்ற நடன அரங்கைத் தொடங்கினதிலும் அவருக்குப் பங்கு உண்டு. பிரான்சில் 1891-இல் புக்கிகளைத் தடை செய்துவிட்டு இந்த முறையை மட்டும் சட்டமாக்கினார்கள்.

குமார்: ஆட்டம் காட்டுவது அவருக்குத் தொழில் போலிருக்கிறது.

மாமா: அதை விடப் பெரிய வேடிக்கை ஒன்று இருக்கிறது. இந்தக் கூட்டல் கணக்கைத் தானாகவே போடுகிற மெஷினை ஜார்ஜ் ஜூலியஸ் என்ற எஞ்சினியர் செய்தார். 1913-இல் நியூசிலாந்தில், ஆக்லாந்து எல்லர்ஸ்லி மைதானத்தில் அதை வைத்தார்கள். பியானோ கம்பி, கப்பி, இரும்புப் பெட்டி என்று ஒரு கட்டடம் நிறைய இருந்ததாம். ஆனால் அவர் முதலில் செய்தது தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்கு. அரசாங்கம் வேண்டாம் என்றுவிட்டது. அப்புறம்தான் அது குதிரைக்கு வந்தது.

குமார்: இரண்டும் ஒன்றுதான். ஓடுகிறவன் ஒருவன், அள்ளுகிறவன் ஒருவன், கைதட்டுகிறவன் நான்.

(ஒலிபெருக்கி அடுத்த ரேஸின் குதிரைகளைச் சொல்கிறது. இருவரும் கேட்காத மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள்.)

குமார்: அப்படியென்றால் புக்கிதான் யோக்கியன். முடிந்தது. இனிமேல் எனக்கு புக்கிதான்.

மாமா: யார் சொன்னது? டோட் உன் கண் முன்னால் நூற்றுக்கு இருபதை எடுக்கிறது. புக்கி விலைக்குள்ளேயே வைத்து எடுக்கிறார், அவ்வளவுதான். மூன்று குதிரை ஓடுகிறது என்று வை. ஒன்றுக்கு 1, ஒன்றுக்கு 2, ஒன்றுக்கு 3 என்று மூன்றுக்கும் விலை போட்டிருக்கிறார். எது வந்தாலும் உன் கைக்கு அறுநூறு வர வேண்டுமென்றால், முதல் குதிரையில் 300, இரண்டாவதில் 200, மூன்றாவதில் 150 கட்ட வேண்டும். கூட்டு.

குமார்: 650.

மாமா: 650 கொடுத்து 600 வாங்குகிறாய். அந்த 50 எங்கே போனது?

குமார்: புக்கி பைக்கு. எந்தக் குதிரை வந்தாலும்!

மாமா: எல்லாரும் அதே விகிதத்தில் கட்டினால். கட்டாவிட்டால் அவர் மாட்டுவார். டோட் நடத்துகிறவருக்கு அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை, எது வந்தாலும் அவர் பங்கு முதலிலேயே தனியாகப் போய்விடும். புக்கி மாட்டினால் எப்படி இருக்கும் தெரியுமா? 1996 செப்டம்பர் 28, இங்கிலாந்தில் ஆஸ்காட் மைதானம். ஃப்ராங்கி டெட்டோரி என்ற ஜாக்கி அன்றைக்கு நடந்த ஏழு ரேஸையும் ஜெயித்தார். ஏழாவது குதிரைக்குக் காலையில் ஒன்றுக்கு 12 கொடுத்தவர்கள், ஆறு ஜெயித்ததும் பயந்துபோய், கிளம்பும்போது ஒன்றுக்கு 2-க்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஆனால் காலையிலேயே 12-ஐ எழுதி வாங்கினவனுக்கு?

குமார்: பன்னிரண்டுதான்!

மாமா: அன்றைக்கு புக்கிகள் பட்ட பாட்டை இன்றுவரை அங்கே கதையாகச் சொல்கிறார்கள். எழுதிக் கொடுத்துவிட்டால் மாற்ற முடியாது.

குமார்: எப்போதுமே மாறாதா?

மாமா: (சற்றுத் தயங்கி) ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலகிவிட்டால், பல இடங்களில் மற்ற குதிரைகளுக்கு எழுதின விலையில் கொஞ்சம் வெட்டுவார்கள்.

குமார்: மாறாது என்றீர்கள்!

மாமா: மாறாது என்றால் பொதுவாக மாறாது என்று அர்த்தம். டோட்டில் அந்த வம்பு இல்லை. விலகின குதிரையின் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, இருப்பதைப் பிரித்துவிடுவார்கள். உடனே முகத்தைத் திருப்பாதே. டோட்டுக்கும் நல்ல நாள் உண்டு. யாருமே சீந்தாத குதிரை ஜெயித்தால் பங்காளியே இருக்க மாட்டான். 1967-இல் கிராண்ட் நேஷனல், இங்கிலாந்தில் தடுப்புகளைத் தாண்டி ஓடுகிற பெரிய ரேஸ். அதில் ஃபாய்னவான் என்று ஒரு குதிரை. அதைப் பழக்கினவரே அன்றைக்கு மைதானத்துக்கு வரவில்லை, வேறு ஊர் ரேஸுக்குப் போய்விட்டார். இருபத்து மூன்றாவது தடுப்பில், ஆளில்லாமல் ஓடின ஒரு குதிரை குறுக்கே திரும்ப, பின்னால் வந்த கும்பல் ஒன்றன் மேல் ஒன்றாக மோதி நின்றுவிட்டது. இது எங்கேயோ பின்னால் வந்துகொண்டிருந்ததால் ஓரத்தில் வழி பார்த்துத் தாண்டி, தனியாகப் போய் ஜெயித்துவிட்டது. புக்கிகள் கொடுத்தது ஒன்றுக்கு 100. டோட் எவ்வளவு தெரியுமா? ஒன்றுக்கு 444.

குமார்: (எழுந்து நின்று) நானூற்று நாற்பத்து நாலா! மாமா, நமக்கு மெதுவாக ஓடுகிற குதிரைதான் வேண்டும். இந்த ரேஸில் 9-ஐப் பாருங்கள், போர்டில் 80 இருக்கிறது! பையில் இருக்கிற ஆயிரத்தையும் கட்டுகிறேன். எண்பதாயிரம்!

மாமா: உட்கார். இது சின்ன ரேஸ், உண்டியலில் மொத்தமே இருபதாயிரம் என்று வை. இருபது சதவீதம் போனால் பதினாறாயிரம். 9-இல் இருப்பது இருநூறு. அதனால்தான் 80. நீ ஆயிரம் கட்டினால் உண்டியல் இருபத்தோராயிரம், பிரிக்க இருப்பது பதினாறாயிரத்து எண்ணூறு. 9-இல் இப்போது ஆயிரத்து இருநூறு. வகு.

குமார்: (நீண்ட மௌனம்) பதினாலு.

மாமா: பதினாலு.

குமார்: வேறு யாரும் கட்டவே இல்லையே மாமா. எண்பது எப்படிப் பதினாலாச்சு?

மாமா: நீயே கட்டினாய் அல்லவா?

குமார்: நானே எனக்குப் பங்காளியா!

மாமா: ஹாங்காங் மாதிரி உண்டியலே ஏரி அளவு இருக்கிற இடத்தில் நீ ஆயிரத்தைக் கொட்டினாலும் அலை அடிக்காது. இது சின்னக் குடம், உன் கையை விட்டாலே தண்ணீர் வழியும். கட்டுவதானால் கொஞ்சமாகக் கட்டு. வாயை மட்டும் திறக்காதே.

குமார்: திறக்க மாட்டேன்.

(போகிறான். கால் மணி நேரம் கழித்து, ரேஸ் முடிந்து, அதே முகத்தோடு திரும்பி வருகிறான்.)

மாமா: 9 எங்கே வந்தது?

குமார்: இன்னும் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் மாமா, நான் 9 என்று மூச்சு விடவில்லை. போன ரேஸில் நான் சொன்னது பலித்ததால் வரிசையே என்னைச் சுற்றிக்கொண்டது. சொல்லு தம்பி, சொல்லு தம்பி என்று ஒரே பிடுங்கல். நான் யோசித்தேன். வேறு நம்பரைச் சொன்னால் பணமெல்லாம் அங்கே போகும், 9-க்குப் பங்காளி சேர மாட்டான், உண்டியலும் பெருக்கும். எப்படி என் மூளை?

மாமா: நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. எந்த நம்பரைச் சொன்னாய்?

குமார்: 3.

மாமா: ஜெயித்தது 3-தானேடா!

குமார்: அதுதான் பிரச்சினை. அத்தனை பேரும் அதில் கட்டி, 6 காட்டிக்கொண்டிருந்தது 2.10-க்கு வந்துவிட்டது. இப்போது எல்லாரும் என்னைத் தேடுகிறார்கள்.

மாமா: நன்றி சொல்லவா?

குமார்: இல்லை. ‘6 வர வேண்டியது, இந்தப் பையன் ஊருக்கெல்லாம் சொல்லிக் கெடுத்துவிட்டான்’ என்று. காது மந்தமானவர்தான் முன்னால் வருகிறார்.

மாமா: அத்தனை நம்பர் இருக்கும்போது 3 எப்படி உன் வாயில் வந்தது?

குமார்: உங்கள் கார்டில் 3-ஐச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தீர்கள், சட்டென்று அதுதான் ஞாபகம் வந்தது. மன்னித்துவிடுங்கள் மாமா. உங்கள் பணத்தையும் கெடுத்துவிட்டேனா?

மாமா: (சீட்டை எடுத்து மடிப்பை நீவிக்கொண்டே) நான் வட்டம் போட்டதே புக்கியிடம் ஒன்றுக்கு 6 எழுதி வாங்கின பிறகுதான். நீ மைக்கிலேயே சொல்லியிருந்தாலும் எனக்கு ஒன்றுமில்லை. வழியை விடு, வாங்கிக்கொண்டு வருகிறேன்.