உங்க டேங்க்கை நீங்களே கழுவுங்க சார்

எங்கள் பெங்களூர் அபார்ட்மென்ட்டில் ஒருவர் இருக்கிறார். வாரக் கடைசி வந்தால் குடும்பத்தோடு கேம்பிங் கிளம்பிவிடுவார். சக்லேஷ்பூர், கூர்க், ஏலகிரி என்று சுற்றிவிட்டு ஞாயிறு ராத்திரி திரும்புவார். போகட்டும், நல்ல விஷயம்தான், நானும் போகிறவன்தான். திங்கட்கிழமை காலையில் அவர் செய்கிற காரியத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. டிக்கியிலிருந்து போர்டபிள் டாய்லெட்டின் கீழ் டேங்க்கை, அதாவது கழிவு சேர்கிற டேங்க்கை, இறக்கி பேஸ்மென்ட் தூணோரம் வைப்பார். ஹவுஸ்கீப்பிங் அக்காவைக் கூப்பிடுவார். கையில் 200 ரூபாயைத் திணித்து, "இதைக் கொஞ்சம் காலி பண்ணிக் கழுவி வைம்மா" என்பார். அவ்வளவுதான், லிஃப்ட் ஏறிப் போய்விடுவார்.

அந்த அக்கா ஊத்தங்கரைப் பக்கத்துக்காரர். படிக்கட்டு பெருக்க, லிஃப்ட் கண்ணாடி துடைக்க என்று வேலைக்கு எடுத்தார்கள். 20 லிட்டர் டேங்க் நிறைந்தால் 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதைத் தூக்க முடியாமல் இடுப்பில் சாய்த்துக்கொண்டு வாட்ச்மேன் கக்கூசுக்குப் போனார். மூடி சரியாக இறுகவில்லை. கெமிக்கல் கலந்து கசிந்த நீலக் கழிவுத் தண்ணீர் சேலைக்கு மேல் போட்டிருந்த சட்டையில் இறங்கி, முழங்கை வரை வழிந்தது. கையுறை கிடையாது. "ஏங்க்கா இதையெல்லாம் செய்யறீங்க?" என்றேன். "என்ன தம்பி பண்றது, முடியாதுன்னு சொன்னா சூப்பர்வைசர்கிட்ட போட்டுக் குடுத்துடுவாரு" என்றார்.

அந்த மனிதரிடமே போய்க் கேட்டேன். கொஞ்சமும் கூச்சமில்லாமல் பதில் வந்தது: "சும்மாவா செய்யறாங்க? காசு குடுக்கறேனே சார். அதுவும் கெமிக்கல் போட்டிருக்கு, நாத்தமே இருக்காது."

காசு கொடுத்தால் சரியாகிவிடுமா? மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளக் கூடாது என்று 1993-லேயே ஒரு சட்டம் வந்தது. அது போதாமல் 2013-ல் இன்னொன்று வந்தது. சாக்கடையிலும் செப்டிக் டேங்க்கிலும் இறங்கிச் செத்தவர்கள் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடுக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக்கியது. இந்த வேலையை ஒழிக்கவே வாழ்க்கையைக் கொடுத்த பெஜவாடா வில்சன் பிறந்தது நம் கோலார் தங்கவயலில்தான். 2016-ல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தபோது தங்கவயல் தமிழர்கள் எத்தனை பேர் பெருமையாக ஸ்டேட்டஸ் வைத்தார்கள்! அந்தத் தங்கவயலிலிருந்து காரில் இரண்டு மணி நேரத் தூரத்தில், கேட்டட் கம்யூனிட்டி பேஸ்மென்ட்டில், வாளி போய் பிளாஸ்டிக் டேங்க் வந்திருக்கிறது. சட்டத்தின் வரிக்குள் இந்த டேங்க் வருமா வராதா என்று வக்கீல்கள் வேண்டுமானால் வாதாடிக்கொள்ளட்டும். யார் பேண்டது, யார் அள்ளுவது என்ற கணக்கு மட்டும் அப்படியே இருக்கிறது.

சரி, அந்தக் கெமிக்கலுக்கு வருவோம். நீலமாக ஊற்றுகிறோமே, அது என்னமோ உள்ளே விழுவதையெல்லாம் பன்னீராக மாற்றிவிடும் என்று பாதிப்பேர் நம்புகிறார்கள். அது வாடையை அமுக்கும், கட்டியாக இருப்பதைக் கொஞ்சம் கரைக்கும், பேப்பரை இளக்கும். அத்தோடு சரி. டைபாய்டு, மஞ்சள் காமாலை கிருமிகளெல்லாம் பயந்து ஓடிவிட்டதாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குடல்புழு முட்டை இருக்கிறதே, அது மண்ணில் மாதக்கணக்கில், சமயத்தில் வருஷக்கணக்கில்கூட உயிரோடு கிடக்கும். பழைய வகை திரவங்களில் ஃபார்மால்டிஹைடு இருக்கும். மீனில் கலந்து பிடிபட்டதாகப் பேப்பரில் படிக்கிறோமே, பிணம் கெடாமலிருக்க ஊற்றுவார்களே ஃபார்மலின், அதன் மூலப்பொருள். செப்டிக் டேங்க்கில் கழிவைத் தின்று செரிக்கிற பாக்டீரியாவையும் அது சேர்த்தே கொல்லும். ஆக, வாடை வராததால் நம் மூக்கு ஏமாறுகிறதே தவிர, உள்ளே இருப்பது அதேதான், மேலே கொஞ்சம் விஷம் வேறு.

இதைவிட மோசமான ஒரு கோஷ்டி உண்டு. ஹவுஸ்கீப்பிங்கைக்கூடத் தேட மாட்டார்கள். இருட்டினதும் ராஜகாலுவே ஓரம் காரை நிறுத்தி, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் கவிழ்த்துவிடுவார்கள். ராஜகாலுவே என்பது மழைத்தண்ணீர் ஓட வேண்டிய கால்வாய், பாதாளச் சாக்கடை கிடையாது. இது தெரியாதா? தெரியும். "ஏற்கெனவே சாக்கடையாத்தானே இருக்கு" என்று ஒரு பதில் ரெடியாக வைத்திருப்பார்கள். நகரத்தின் கிழக்குப் பக்கம் ஊற்றினால் அது பெல்லந்தூர் ஏரிக்குப் போகும். நுரை பொங்கி, தீப்பிடித்து உலகம் முழுக்கப் பெயர் வாங்கிய அதே ஏரிதான். அங்கிருந்து வர்த்தூர், அப்புறம் தென்பெண்ணை. அடுத்தது ஓசூர் கெலவரப்பள்ளி அணை. அங்கே நுரை மலைபோல் எழும்பி நிற்கிற படத்தை வருஷா வருஷம் செய்தியில் பார்த்து, "ஐயோ பாவம் விவசாயிங்க" என்று உச்சுக்கொட்டுவதும் இதே ஆட்கள்தான்! மேற்குப் பக்கம் ஊற்றினால் விருஷபாவதி, அர்க்காவதி, சங்கமத்தில் காவிரி. காவிரித் தண்ணீரைத் தொரேகாடனஹள்ளி பம்பிங் நிலையத்திலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் குழாயில் இழுத்து, 500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றிக் குடிக்கிறோம். திருப்பி அனுப்புவது இதை. கீழே இருப்பது ஒகேனக்கல், மேட்டூர். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு காவிரிக்காக வாட்ஸ்அப்பில் சண்டை போடுகிற தமிழர்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

மூன்றாவது ரகம், பை ரகம். உட்கார்ந்து முடித்ததும் ஜெல் தூள் போட்டு இறுக்கிக் கட்டுகிற பை. தூள் ஈரத்தை இழுத்துக் கெட்டியாக்கிவிடும், சிந்தாது, சுமந்து வர வசதி. எனக்கும் பிடித்த பொருள்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அதை அப்படியே உலர் குப்பையில் போடுகிறார்களே! பெங்களூரில் குப்பையைப் பிரிப்பது மெஷின் என்று நினைப்போ என்னவோ. பௌரகார்மிகர்கள், அதாவது நம் ஊர்த் தூய்மைப் பணியாளர்கள், கையால் கொட்டிக் கையால்தான் பிரிக்கிறார்கள். கனமாக, கெட்டியாக, நன்றாகக் கட்டிய பை ஒன்று கிடைத்தால் உள்ளே என்ன என்று யாராவது பிரித்துத்தானே பார்ப்பார்கள்? நாப்கினையே பேப்பரில் சுற்றிச் சிவப்புக் குறி போட்டுத் தனியாகக் கொடுக்கச் சொல்கிற ஊர் இது.

வாடகைக்குக் கொடுக்கிறவர்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதீர்கள். கூடாரம், அடுப்பு, டாய்லெட் எல்லாம் சேர்த்து வாடகைக்கு விடுகிற ஒரு கடையில், நிறைந்ததும் எங்கே காலி செய்வது என்று கேட்டேன். "எங்கேயாவது ஓரமா ஊத்திடுங்க சார், ஆனா திருப்பிக் குடுக்கும்போது டேங்க் க்ளீனா இருக்கணும், இல்லேன்னா டெபாசிட் பிடிப்போம்" என்றான் அந்தப் பையன். அவர்கள் பிளாஸ்டிக் சுத்தமாக இருந்தால் போதும், ஓரம் நாறினால் என்ன! ஐரோப்பாவில் கேம்ப்சைட் என்றால் டேங்க்கைக் கவிழ்க்க ஒரு தொட்டியும், அலச ஒரு குழாயும் சாதாரணமாக இருக்கும். இங்கே கூடாரத்துக்கு ஆளுக்கு ஆயிரக்கணக்கில் வாங்குகிற இடத்தில்கூட, கேட்டால் காப்பித் தோட்டத்தைக் கை காட்டுகிறார்கள். அதற்குப் பெயர் 'நேச்சர் ஸ்டே'.

இடமே இல்லையா என்றால், இருக்கிறது. வீட்டு வெஸ்டர்ன் கம்மோடுதான் இடம். அதில் போவதைத்தானே டேங்க்கில் போனோம், திரும்ப அதிலேயே ஊற்றுவதில் என்ன கௌரவக் குறைச்சல்? டேங்க்கில் காற்றுக்கென்று ஒரு பட்டன் இருக்கும். சாய்க்கும்போது அதை அழுத்திப் பிடித்தால் குபுக் குபுக்கென்று தெறிக்காமல் ஒரே சீராக இறங்கும். அதைப் பிடிக்காமல் கவிழ்ப்பதால்தான் முகத்தில் அடித்து, அந்த பயத்தில் ஹவுஸ்கீப்பிங்கைத் தேடுகிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி நடுவே ஃப்ளஷ் பண்ணுங்கள். அலசின தண்ணீரும் கம்மோடுக்குள்தான், பாத்ரூம் தரையிலோ பால்கனித் துளையிலோ ஊற்றக் கூடாது. பால்கனித் தண்ணீர் பல கட்டடங்களில் மழைநீர்க் குழாயோடு சேர்கிறது. வெட் வைப்ஸை டேங்க்குக்குள் போடவே கூடாது, அது கரையாது, குழாயை அடைக்கும். அடைப்பை எடுக்க வருவதும் யாரோ ஒரு மனிதர்தான். அபார்ட்மென்ட்டில் எஸ்.டி.பி. (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) இருந்தால் ஃபார்மால்டிஹைடு இல்லாத திரவமாகப் பார்த்து வாங்குங்கள். செப்டிக் டேங்க் வீட்டுக்கும் அதுவேதான்.

காட்டில் குழி தோண்டினால் ஆகாதா என்பார்கள். நேரே குழியில் உட்கார்வதென்றால், தண்ணீரிலிருந்தும் பாதையிலிருந்தும் 200 அடி தள்ளி, 6 முதல் 8 அங்குலம் தோண்டி, மண்ணால் மூடலாம், தடை இல்லாத இடமாக இருந்தால். அதுவும் ஆளுக்கொரு குழி. நாலு பேர் இரண்டு நாள் சேர்த்த நீலக் குழம்பை ஒரே குழியில் கொட்டுவதற்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தேவனஹள்ளியில், ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில், 2015-லேயே மலக்கசடுக்கென்று ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்டினார்கள். செப்டிக் டேங்க்குகளிலிருந்து லாரி உறிஞ்சிக்கொண்டு வருவதைச் செரிக்கவைத்து, காயவைத்து, குப்பையோடு சேர்த்து உரமாக்குகிறார்கள். ஒரு சின்ன ஊருக்கு இது முடிந்திருக்கிறது. ஆளுக்கு இத்தனை ஆயிரம் வாங்கும் ரிசார்ட்டுக்காரர் நிலத்தடியில் ஒரு தொட்டி கட்டி, மாதம் ஒரு லாரி கூப்பிட முடியாதா? முடியும். யாரும் கேட்கவில்லை, அதனால் செய்யவில்லை.

அசோசியேஷன் குரூப்பில் இதை எழுதினேன். ஹவுஸ்கீப்பிங் ஆட்களிடம் யாரும் டேங்க் கொடுக்கக் கூடாது என்று விதி போடச் சொன்னேன். வந்த பதில்களைப் பார்க்க வேண்டுமே! "டேங்க்கை லிஃப்ட்டில் கொண்டுபோகத் தடை போடுங்க, அருவருப்பா இருக்கு" என்று ஒருவர். அதற்கு மட்டும் கட்டைவிரலாகக் குவிந்தது. லிஃப்ட்டில் வரக் கூடாது என்றால் அது பேஸ்மென்ட்டிலேயே நிற்கும், அக்கா இடுப்புக்கே போகும். சொந்தப் பீ லிஃப்ட்டில் நாலு மாடி ஏறினால் அருவருப்பு, அடுத்தவர் சட்டையில் வழிந்தால் 200 ரூபாய். செயலாளர் "கமிட்டியில் பேசுவோம்" என்றார். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஓசூரிலிருந்து சித்தப்பா பையன் போன் பண்ணினான். அடுத்த வாரம் கொல்லிமலை போகிறானாம், என் டாய்லெட் செட்டைக் கேட்டான். தாராளமாக எடுத்துக்கோ, கீழ் டேங்க்கை நிறைந்தபடியே உன் காரில் வீட்டுக்குக் கொண்டுபோய், உன் கையால், உன் கம்மோடில் ஊற்றுவதாக இருந்தால் மட்டும் என்றேன். "என்ன அண்ணே, ரெண்டு நாள் காருலயேவா?" என்றான். காரில்தான்டா. உன்னுடையதுதானே.