இந்தியா செட் இல்லை சார்

புதுச்சேரித் தம்பி ஒருவர் நேற்று ராத்திரி இன்பாக்ஸில் கேட்டார். "அண்ணா, பாரீஸ்ல இருந்து சித்தப்பா பொங்கலுக்கு வர்றாரு. ஃபுல் ஃப்ரேம் பாடி ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லலாமா? இங்க விட கம்மியா வருமாம்." (பாடி என்றால் லென்ஸ் இல்லாத வெறும் கேமரா, ஃபுல் ஃப்ரேம் என்றால் பெரிய சென்சார் உள்ளது.) பதில் அடிக்க ஆரம்பித்தேன், நீண்டுகொண்டே போனது. நான் கல்யாணம் எடுக்கிற போட்டோகிராஃபர், தை முகூர்த்தம் நெருங்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் இதையே கேட்கிறார்கள். அதனால் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

எல்லை தாண்டிப் போய் மலிவாக வாங்கிவருவதைக் கடலூர்க்காரனுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் 2006-ல் பாண்டியில் வாங்கியது. நேரு வீதியில் நாலு கடை ஏறி இறங்கி, அப்பா பேரம் பேசி, டாடா ஏஸில் கட்டிக்கொண்டு வந்தோம். ஆல்பேட்டை செக்போஸ்ட்டில் போலீஸ்காரர் ஃபிரிட்ஜ் பெட்டிக்குள் பாட்டில் ஏதும் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தார். ஃபிரிட்ஜைக் கண்டுகொள்ளவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வரும்வரை பாண்டியில் வரி கம்மி. டிவி, டயர், வாஷிங் மெஷின் என்று பாதிக் கடலூர் அப்படித்தான் வீட்டை நிரப்பியது. அந்த ஃபிரிட்ஜ் ஒருநாள் கூலிங் நின்றபோது, எங்கள் ஊர் மஞ்சக்குப்பத்திலிருந்து கம்பெனி மெக்கானிக் வந்தார். பில்லில் தேதியை மட்டும் பார்த்தார். எந்த ஊர்க் கடை என்று கேட்கவே இல்லை.

இந்தப் பழக்கம்தான் என்னைக் கவிழ்த்தது. பாண்டியில் வாங்கினால் மஞ்சக்குப்பத்தில் ரிப்பேர் ஆகும். அப்படியானால் சிங்கப்பூரில் வாங்கினால் சென்னையில் ஆகாதா? ஒரே கம்பெனி, ஒரே பெட்டி, ஒரே கேமரா என்று நினைத்தேன்.

2018 செப்டம்பரில் அக்கா வீட்டுக்கு சிங்கப்பூர் போனேன். அப்போது இங்கே நான் பார்த்துவைத்திருந்த பாடி 1,85,000 ரூபாய். அங்கே, விமான நிலையத்தில் திரும்பக் கிடைக்கும் வரியையும் கழித்தால் 1,48,000. இந்த வித்தியாசத்தில் மந்திரம் எதுவும் இல்லை. அன்றைக்கு நம் ஊரில் டிஜிட்டல் கேமராவுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அங்கே 7. அந்த 7-ம் சுற்றுலா வந்தவனுக்கு ரீஃபண்ட். 2019 ஜனவரி 1 முதல் இங்கே 28 என்பது 18 ஆனது. நாலு மாதம் பொறுத்திருந்தால் வரியில் மட்டுமே 14,000 ரூபாய்க்கு மேல் இறங்கியிருக்கும். பொறுமை இல்லை, வாங்கிவிட்டேன்.

இன்னொரு கணக்கும் அன்றைக்கு நான் போடவில்லை. 2016-ல் வந்த பேகேஜ் விதிப்படி, ஊர் திரும்புகிறவருக்கு அன்றைக்கு 50,000 ரூபாய் வரைதான் சுங்க வரி இல்லாமல் இருந்தது. அதற்கு மேல் இருப்பதற்கு அப்போது 38.5 சதவீதம். என் கேமராவுக்கு 98,000 மேலே நிற்கிறது. போட்டுப் பாருங்கள், 37,730 ரூபாய். நான் மிச்சம் பிடித்ததாக மாமாவிடம் பெருமையடித்த தொகை 37,000. நான் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வெளியே வந்தேன். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

கடைக்காரர் தமிழர்தான். நல்லா பேசினார், டீ வாங்கிக் கொடுத்தார். வாரண்டி பற்றி நான் கேட்டேன், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. "இன்டர்நேஷனல் வாரண்டி பிரதர், எங்க வேணா காட்டலாம்" என்று பளபளக்கும் அட்டை ஒன்றை நீட்டினார். பெரிய தங்க எழுத்தில் 'இன்டர்நேஷனல் வாரண்டி'. கீழே தேதி, சீரியல் நம்பர், முத்திரை. அந்த முத்திரை கடையின் முத்திரை. அட்டையில் எங்கேயும் கேமராக் கம்பெனியின் பெயர் வாரண்டி தருகிறவராக இல்லை, மாடல் பெயரோடு ஒட்டிக்கொண்டுதான் இருந்தது. அதை நான் ஒழுங்காகப் படித்தது 11 மாதம் கழித்து.

2019 ஆவணி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு மண்டபம், முந்தின நாள் சாயங்காலம் பெண் அழைப்பு. பெண் காரிலிருந்து இறங்குகிறாள், ஆரத்தி தயாராக இருக்கிறது. மூன்று ஃப்ரேம் எடுத்தேன். நாலாவதில் சத்தம் மாறியது. வேலை செய்கிறவர்களுக்குத் தெரியும், ஷட்டர் சத்தம் காதுக்குள் பதிந்திருக்கும். 'ச்சக்' என்று வர வேண்டியது 'ச்சக்-க்' என்று இழுத்தது. திரையில் பார்த்தால் பெண்ணின் முகம் மேலே இருக்கிறது, கழுத்துக்குக் கீழே கறுப்பு. அடுத்த கிளிக்கில் மிர்ரர் (வியூஃபைண்டருக்குக் காட்சியைக் காட்டும் உள்கண்ணாடி) மேலேயே நின்றுவிட்டது. வியூஃபைண்டரில் கண் வைத்தால் இருட்டு, மேலே எர்ரர் கண் சிமிட்டுகிறது. பேட்டரியைக் கழற்றி மாட்டினேன், லென்ஸைக் கழற்றி மாட்டினேன். பெண்ணோட தாய்மாமன் "என்ன தம்பி, சாமி வந்துடுச்சா?" என்றார். பையில் பழைய பாடி ஒன்று கிடந்தது, அதை வைத்துத்தான் மறுநாள் தாலி கட்டு வரை ஓட்டினேன். மங்கிய வெளிச்சத்துக்காக ஐ.எஸ்.ஓ.வை 3200-க்கு மேல் ஏற்றினால் அதில் படம் முழுக்க மணல் மாதிரிப் புள்ளி கொட்டும். ஆல்பம் டிசைனருக்குத்தான் தெரியும் நான் பட்டது.

வாரண்டி முடிய இன்னும் 19 நாள் இருந்தது. ஜம்பமாக சென்னை பஸ் ஏறினேன். அங்கீகாரம் பெற்ற சர்வீஸ் சென்டரில் கவுண்டரில் இருந்த பெண் சீரியல் நம்பரை அடித்தார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சார், இது இந்தியா செட் இல்லை."

"ஒரிஜினல்தாங்க."

"ஒரிஜினல்தான் சார். டூப்ளிகேட்னு நான் சொல்லலையே. இந்தியா செட் இல்லை."

இந்தியா செட் என்றால் கம்பெனியின் இந்தியக் கிளை வழியாக இங்கே விற்க வந்தது. அப்படி வராததைத்தான் கிரே மார்க்கெட் என்கிறார்கள். அது போலிச் சரக்கு இல்லை. அதே தொழிற்சாலை, அதே சென்சார். கம்பெனி நியமித்த வழியில் அந்த நாட்டுக்குள் வரவில்லை, அவ்வளவுதான். வாரண்டி என்பது கேமராவோடு பிறந்த குணம் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அது ஒரு ஒப்பந்தம். இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பாடியின் விலையிலும் இந்தியக் கிளைக்கு ஒரு பங்கு போகிறது. சர்வீஸ் சென்டர் வாடகை, மெக்கானிக் சம்பளம், ஸ்பேர் பார்ட்ஸ் ஸ்டாக் எல்லாம் அதிலிருந்துதான். என் பாடிக்கான பங்கு சிங்கப்பூர் கிளைக்குப் போனது. சென்னைக்காரர் ஏன் இலவசமாகச் செய்ய வேண்டும்? கோபம் வந்தாலும், யோசித்தால் நியாயம் புரிகிறது.

ஆனால் முழு நியாயமும் அவர்கள் பக்கம் இல்லை. விளம்பரத்தில் 'உலகம் முழுக்க' என்று மார்தட்டுகிற பிராண்டு, ரிப்பேர் என்றதும் பாஸ்போர்ட் கேட்கிறது. எனக்காவது காசு கொடுத்தால் செய்து தருகிறோம் என்றார்கள். அமெரிக்காவில் நிக்கான் நிறுவனம் கிரே மார்க்கெட் செட்டைக் காசு கொடுத்தாலும் ரிப்பேர் செய்ய மாட்டோம் என்று வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஒரிஜினல் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, பணத்தை நீட்டியும், போ என்றால் அது வியாபாரமா, பழிவாங்கலா?

என் செலவு: ஷட்டர் யூனிட், லேபர், வரி சேர்த்து 21,400. பார்ட் வந்து கைக்குக் கிடைக்க 38 நாள். அந்த 38 நாளில் 9 வேலை. பாண்டியில் ஒரு நண்பரிடம் நாளுக்கு 2,000 வாடகைக்குப் பாடி எடுத்தேன், 18,000. கூட்டினால் 39,400. சிங்கப்பூர் கடைக்குப் போன் போட்டால், "அனுப்புங்க பிரதர், பார்த்துடலாம்" என்றார். அனுப்பும் செலவு நம்முடையது, திரும்பி வரும்போது சுங்கத்தில் விளக்கம் சொல்வதும் நம் வேலை. அட்டையில் அப்படித்தான் போட்டிருந்தது.

வாரண்டி என்ற சொல்லையே அங்கே சில கடைகள் தூண்டிலாக வைத்திருந்த கதையும் உண்டு. 2014-ல் சிங்கப்பூரின் சிம் லிம் ஸ்கொயர் கடைத்தொகுதியில் ஒரு வியட்நாம் சுற்றுலாப் பயணி காதலிக்காக ஐபோன் வாங்கினார். 950 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கட்டிய பிறகு 'வாரண்டிக் கட்டணம்' என்று மேலே 1,500 கேட்டார்கள். அந்த மனிதர் முழங்காலிட்டு அழுத வீடியோ உலகம் முழுக்கச் சுற்றியது. கடைக்காரர் மறு வருஷம் ஜெயிலுக்குப் போனார். நான் வாங்கிய கடை அந்த ரகம் இல்லை. டீ வாங்கிக் கொடுத்து ஏமாற்றிய ரகம்.

வெளிநாடு போகாமலும் இதில் மாட்டலாம், அதைத்தான் இன்றைக்குப் பலர் கவனிப்பதில்லை. சென்னை பர்மா பஜார் பக்கம் இருந்தாலும் சரி, ஆன்லைனில் இருந்தாலும் சரி, திடீரென்று 15 சதவீதம் விலை இறங்கி, 'செல்லர் வாரண்டி' என்று பொடி எழுத்தில் இருந்தால் அது பெரும்பாலும் இதே சரக்கு. விற்பது குற்றமா என்றால் இல்லை. சாம்சங் பிரின்டர் வழக்கு ஒன்றில் டெல்லி உயர்நீதிமன்ற அமர்வு 2012 அக்டோபரில் சொன்னது: ஒரிஜினல் பொருளை வெளியே வாங்கி இங்கே இறக்கி விற்கலாம். ஆனால் இது இறக்குமதி, கம்பெனி வாரண்டியும் சர்வீஸும் கிடையாது, நாங்கள்தான் பொறுப்பு என்று கடையில் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். இந்த இரண்டாவது பாதியைக் கடைப்பிடிக்கிற கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, எம்.ஆர்.பி., மாதம், வருடம் போட்ட ஸ்டிக்கர் இருக்க வேண்டும், பொட்டலப் பொருள் விதி அது. ஸ்டிக்கரே இல்லை, அல்லது இறக்குமதியாளர் இடத்தில் கேமராக் கம்பெனியின் இந்தியக் கிளையை விட்டுவிட்டுக் கேள்விப்படாத பெயர் என்றால் ஒரு போன் போட்டு விசாரியுங்கள். சார்ஜர் பின்னும் காட்டிக்கொடுக்கும். எனக்கு வந்தது மூன்று சதுரப் பின். கூடவே ஓசியில் ஒரு அடாப்டர், சொருகினாலே நீல நிறத்தில் பொறி விட்டது. ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தரமாட்டேன் என்கிற கடையில் கேமரா வாங்காதீர்கள், பேட்டரி வாங்குங்கள், போதும். இந்தியக் கடையோடு தகராறு வந்தால், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் சட்டப்படி கடலூரில் உட்கார்ந்தே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. சிங்கப்பூர் கடைக்கு எதிராக எங்கே போய்ப் போடுவது?

இனி தம்பி விஷயம். சித்தப்பா பாரீஸ்காரர். 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்கள் பாண்டியில் தெருவுக்கு ஒன்று உண்டு, பண்டிகைக்கு வரும் பெட்டிகளில் சீஸும் சென்ட்டும் கேமராவும் வருவது புதிதில்லை. ஆனால் பிரான்சில் வரி 20 சதவீதம். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே குடியிருப்பவருக்குத்தான் அதைத் திரும்பத் தருவார்கள், அங்கேயே குடியிருக்கிற சித்தப்பாவுக்குத் தரமாட்டார்கள். அப்புறம் எங்கே மலிவு? அங்கே 2 வருஷம் விற்றவர் பொறுப்பு என்று சட்டம் இருக்கிறது, நல்ல சட்டம். ஆனால் விற்றவர் இருப்பது அங்கே. ஷட்டர் இங்கே நின்றால் சித்தப்பாவின் அடுத்த லீவு வரை காத்திருக்க வேண்டும். ஜப்பானிலிருந்து யாராவது வருகிறார்கள் என்றால் இன்னும் ஒன்று: அந்த ஊரில் விற்கும் சோனி பாடிகள் பெரும்பாலானவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான். முகூர்த்த நேரத்தில் அதில் நிறத்தைச் சரிசெய்கிற ஒயிட் பேலன்ஸைத் தேடிப் பாருங்கள்.

நான் எப்போதும் வேண்டாம் என்று சொல்கிறவன் இல்லை. பொழுதுபோக்குக்குப் பாண்டி ராக் பீச்சில் சூரிய உதயம் எடுப்பவர் கிரேயில் வாங்கட்டும். ரிப்பேர் வந்தால் அடுத்த மாதம் எடுத்துக்கொள்வார், சூரியன் எங்கேயும் போகாது. லென்ஸ் என்றால் நானே இப்போதும் வெளியே வாங்கச் சொல்வேன். அதிலும் மோட்டார் உண்டு, கெடும்தான், ஆனால் ஒரு லென்ஸ் படுத்தால் இன்னொன்றை மாட்டி வேலையை முடித்துவிடலாம். பாடி அப்படி இல்லை. அதுவும் உள்கண்ணாடி இல்லாத இன்றைய மிர்ரர்லெஸ் பலவற்றில், கை நடுக்கத்தை ஈடுகட்ட சென்சாரே மிதந்துகொண்டிருக்கிறது, லோக்கல் மெக்கானிக் திறந்து பார்த்துவிட்டு மரியாதையாக மூடித் தந்துவிடுவார். தேதி வாங்கிக்கொண்டு, அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, அடுத்தவர் கல்யாணத்துக்குப் போகிறவனின் முதல் பாடி இந்தியா செட்டாக இருக்கட்டும். தம்பி, சித்தப்பாவிடம் 35 எம்.எம். லென்ஸ் ஒன்று சொல்லுங்கள்.

என் பாடி இப்போதும் ஓடுகிறது, இரண்டாவது கேமராவாக. புது ஷட்டர் பிரச்சினை இல்லை, கிரிப் ரப்பர்தான் உரிந்து தொங்குகிறது. கடலூர், பாண்டி, நெய்வேலி பக்கம் யாராவது ஒட்டித் தருகிறவர் இருந்தால் கமெண்ட்டில் சொல்லுங்கள். எந்த நாட்டு ரப்பராக இருந்தாலும் பரவாயில்லை.