சின்ன வண்டியும் கடைசி நூறு மீட்டரும்

புது வண்டி வந்து ஆறு வாரம் ஆகிறது. 1,140 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. "எப்படி இருக்கு?" என்று கேட்டவர்களிடமெல்லாம் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி நழுவிக்கொண்டிருந்தேன். முதல் பத்து நாள் எனக்கே பிடிபடவில்லை. பாதி நாள் 'அவசரப்பட்டுவிட்டோமோ' என்றிருந்தது. இப்போதுதான் நிதானமாக எழுத வருகிறது. எந்தக் கம்பெனி, என்ன மாடல் என்று மட்டும் கேட்காதீர்கள். சொன்னால் ஆளுக்கொரு கட்சியாகப் பிரிந்துவிடுவீர்கள்.

3.65 மீட்டர் நீளம், ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின், ஏஎம்டி கியர், அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் வகை. இதற்கு முன் பத்து வருடம் ஓட்டியது 4.45 மீட்டர் செடான். வித்தியாசம் 80 சென்டிமீட்டர்தான். காகிதத்தில் பார்த்தால் ஒன்றுமே இல்லை.

வாங்கும் முன் எல்லோரும் கேட்ட கேள்விகள் மூன்று: மைலேஜ் என்ன, பிக்கப் எப்படி, நெடுஞ்சாலையில் தாங்குமா. நானும் அதே கேள்விகளோடுதான் ஷோரூமுக்குப் போனேன். அவர்களும் அகலமான, காலியான ரோடாகப் பார்த்துக் கூட்டிப்போய் ஓட்டக் கொடுத்தார்கள். அங்கே எந்த வண்டியும் நன்றாகத்தான் போகும். இப்போது திரையில் சராசரி வேகம் என்று ஒன்று காட்டுகிறது. ஆறு வாரத்துச் சராசரி, மணிக்கு 21 கிலோமீட்டர். இதுதான் என் வாழ்க்கை. இந்த வேகத்தில் போகிறவனுக்கு, பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட எத்தனை நொடி என்ற கணக்கு எதற்கு?

பழைய வண்டியில் சாயங்காலம் ஆபீஸிலிருந்து கிளம்பும்போதே மனசுக்குள் ஒரு கணக்கு ஓடும். தெருமுனையில் இடம் இருக்குமா, எதிரே யாராவது வந்தால் யார் பின்னால் போவது, தூணுக்கும் பக்கத்து வண்டிக்கும் நடுவே நுழைக்க எத்தனை தடவை முன்னும் பின்னும் ஆட வேண்டும். பத்து கிலோமீட்டர் ஓட்டியது களைப்பில்லை. கடைசி நூறு மீட்டர்தான் களைப்பு. இது எனக்கு அப்போது தெரியவே தெரியாது. அந்த நூறு மீட்டர் சுலபமான பிறகுதான் தெரிந்தது.

இதில் நீளத்தைவிடப் பெரிய விஷயம், வண்டி திரும்பும் வட்டம். புத்தகத்தில் 4.7 மீட்டர் ஆரம் என்று போட்டிருக்கிறது. பழையதில் 5.3. ஆரத்தில் 60 சென்டிமீட்டர் என்றால் வட்டத்தின் குறுக்களவில் 1.2 மீட்டர். எங்கள் தெருவில் பழைய வண்டியைத் திருப்ப மூன்று முறை கியர் மாற்றுவேன். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து, முன்னால் போய், பின்னால் வந்து, மறுபடி முன்னால். இது ஒரே வீச்சில் திரும்பிவிடுகிறது. முதல் நாள் பழக்கதோஷத்தில் ரிவர்ஸ் கியரில் கை வைத்துவிட்டு, எதற்கு வைத்தோம் என்று யோசித்துக்கொண்டு நின்றேன்.

இவ்வளவு சின்ன நீளத்துக்குள் நான்கு பேர் எப்படி உட்கார முடிகிறது என்று பானெட்டைத் திறந்து பார்த்தால் பதில் தெரியும். இன்ஜின் குறுக்காகப் படுத்திருக்கிறது. 1956 சூயஸ் நெருக்கடியில் பெட்ரோலுக்குத் தட்டுப்பாடு வந்தபோது, கொஞ்சமாகக் குடிக்கும் சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று பிரிட்டனில் தேட ஆரம்பித்தார்கள். அலெக் இசிகோனிஸ் என்ற வடிவமைப்பாளர் இன்ஜினைக் குறுக்காகத் திருப்பி, கியர்பாக்ஸை அதற்கு அடியிலேயே சொருகி, பத்து அங்குலச் சக்கரங்களை நான்கு மூலைக்கும் தள்ளினார். 1959இல் வந்த அந்த 'மினி' காரின் நீளம் சுமார் 3.05 மீட்டர்தான். ஆனால் இன்று நம் சின்ன வண்டிகளில் இருப்பது அப்படியே அவருடைய ஏற்பாடு அல்ல. கியர்பாக்ஸை இன்ஜினுக்குப் பக்கவாட்டில் ஒட்டவைத்து, ஒன்று நீளம் ஒன்று குட்டை என இரண்டு அச்சுகளால் சக்கரத்தைச் சுழற்றுவது இத்தாலியில் ஃபியட் கம்பெனியின் பொறியாளர் டான்டே ஜியாகோசா கொண்டுவந்த வழி. 1964இல் ஆட்டோபியாங்கி பிரிமுலா என்ற காரில் சோதித்துப் பார்த்து, 1969இல் ஃபியட் 128இல் போட்டார்கள். மினிக்குத்தான் புகழ் போயிற்று, மற்றவர்கள் எடுத்துக்கொண்டது ஜியாகோசாவின் ஏற்பாட்டை. எனக்கு இந்த மாதிரி ஆட்கள் மேல் எப்போதும் ஒரு பரிவு உண்டு.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் நாள் சிக்னலில் நின்றபோது, கப் ஹோல்டரில் வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்து மகள் கேட்டாள்: "அப்பா, வண்டிக்குக் குளிருதா?" தண்ணீரின் மேல்பரப்பு மெலிதாக நடுங்கிக்கொண்டிருந்தது. மூன்று சிலிண்டரின் குணம் அது. நான்கு சிலிண்டர் என்றால் கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) அரைச் சுற்று சுற்றும்போதெல்லாம் ஒரு வெடிப்பு நடக்கும். மூன்றில் 240 டிகிரிக்கு ஒன்று. நிமிடத்துக்கு 800 சுற்றில் சும்மா நிற்கும்போது அங்கே நொடிக்குச் சுமார் 27 உந்தல் என்றால் இங்கே 20. இடைவெளி கூடக்கூட ஒவ்வொரு உந்தலும் தனித்தனியாக உடம்பில் தெரிகிறது. அதோடு இன்ஜின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக சீசா பலகை போல லேசாக ஆடவும் பார்க்கும். பிஸ்டன் குறைந்தால் உராய்வு குறைவு, இன்ஜினின் நீளமும் குறைவு. அதனால் இதைப் பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வண்டி நகர ஆரம்பித்தால் நடுக்கம் மறைந்துவிடும். நாலு நாளில் பழகியும் விட்டது. ஆனாலும் பாட்டிலைக் கதவுப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டேன்.

ஏஎம்டி விஷயத்தில் நான் ஏமாந்தேன் என்றே சொல்லலாம். 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லை நம்பி உட்கார்ந்தேன். உள்ளே இருப்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ், சாதாரண கிளட்ச். நம் காலுக்கும் கைக்கும் பதிலாக ஒரு இயந்திரம் அவற்றை இயக்குகிறது, அவ்வளவுதான். ஒரு கியரிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் நேரத்தில் சக்கரத்துக்குப் போகும் இழுப்பு நின்று மறுபடி வரும். அப்போது நம் தலை முன்னால் சாய்ந்து பின்னால் போகும். பின்சீட்டில் அம்மா உட்கார்ந்திருந்தார். இறங்கும்போது, "ஒவ்வொண்ணுக்கும் சரி சரின்னு தலையாட்ட வைக்குதே உன் வண்டி" என்றார்.

இரண்டாவது வாரத்தில் இதன் சூட்சுமம் பிடிபட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தபடியே இருக்கக்கூடாது. கியர் மாறப்போகிறது என்பதை இன்ஜின் சத்தத்திலேயே சொல்லிவிடுகிறது. அந்த நொடியில் காலை ஒரு இழை தூக்கினால் வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு மாறுகிறது. அதாவது, மேனுவலில் செய்ததையே கிளட்ச் இல்லாமல் செய்ய வேண்டும். இதை விற்றவர்களில் ஒருவர்கூடச் சொல்லவில்லை. இன்னொன்றும் சொல்லவில்லை: மேட்டில் நிற்கும்போது ஆக்ஸிலேட்டரை லேசாக அழுத்தி வண்டியைப் பிடித்து வைக்கவே கூடாது, கிளட்ச் தேய்ந்துபோகும். பிரேக்கில்தான் நிற்க வேண்டும். முதல் வாரம் ஆபீஸ் அடித்தளத்தின் ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு நான் தயங்கிய நாலைந்து நொடியில் வண்டி ஒரு அடி பின்னால் உருண்டது. பின்னால் இருந்தவர் அடித்த ஹார்ன் இன்னும் காதில் இருக்கிறது. தப்பு வண்டியுடையது இல்லை. வண்டி பின்னால் உருளாமல் பிடித்துக்கொள்ளும் வசதி அதில் உண்டு. அது இரண்டு நொடிக்குத்தான் பிடிக்கும் என்பதுதான் எனக்குத் தெரியாது.

தப்பு வண்டியுடையது என்று நான் உறுதியாகச் சொல்லும் ஒரு விஷயம், ஏசி. காற்றைக் கூட்டக் குறைக்கத் திரையைத் தொட வேண்டும். பழைய வண்டியில் ஒரு திருகு இருந்தது, கண்ணை ரோட்டிலிருந்து எடுக்காமலே கை தானாகப் போகும். இதில் திரையைப் பார்த்து, சரியான படத்தைத் தொட்டு, அது கேட்டதா என்று மறுபடி பார்க்க வேண்டும். குண்டு குழியில் குலுங்கும்போது விரல் வேறெங்கோ பட்டுப் பாட்டு மாறுகிறது. இது நாகரிகம் இல்லை, செலவுச் சிக்கனம். 2026 முதல் இண்டிகேட்டர், வைப்பர், ஹார்ன் போன்றவற்றுக்கு நிஜமான பொத்தான்கள் இருந்தால்தான் முழு மதிப்பெண் என்று, வண்டிகளை மோதவிட்டுப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பிய அமைப்பான யூரோ என்கேப் சொல்லியிருக்கிறது. அந்தப் பட்டியலில் ஏசியையும் சேர்த்தால் நேரில் போய் நன்றி சொல்வேன்.

பாதுகாப்பைப் பற்றி மழுப்ப விரும்பவில்லை. 1997இல் யூரோ என்கேப் முதன்முதலாக முடிவுகளை வெளியிட்டபோது ரோவர் 100 என்ற சின்ன வண்டிக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கிடைத்தது. இன்றைய சின்ன வண்டிகளின் கூண்டு அதைவிட எவ்வளவோ உறுதி. ஆனால் என் வண்டியின் எடை 870 கிலோ. இதைப் போல இரண்டு மடங்கு எடையுள்ள ஒன்று எதிரே மோதினால், அதிர்ச்சியில் பெரும்பங்கு எடை குறைந்தவனுக்குத்தான். ஏர்பேக் எண்ணிக்கையால் அந்தக் கணக்கை அழிக்க முடியாது. ஒரே எடைப் பிரிவில் உள்ள வண்டிகளின் நட்சத்திரத்தைத்தான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதனால் நீண்ட பயணத்துக்கு இதை எடுப்பதில்லை என்று வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம், ரயில் இருக்கிறது. பின்சீட்டிலும் பெல்ட் போடாமல் வண்டி கிளம்பாது, அம்மாவுக்கும் விலக்கு இல்லை.

மைலேஜ் கேட்டவர்களுக்கு: திரை 19.2 என்கிறது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மறுபடி நிரப்பிக் கணக்குப் போட்டால் 17.4. திரையை நம்பாதீர்கள். நான் போவது ஒருமுறைக்குப் பத்து கிலோமீட்டர்தான், அதிலும் காலையில் முதல் சில கிலோமீட்டர் இன்ஜின் சூடாவதிலேயே போய்விடுகிறது. குளிர்ந்த இன்ஜின் அதிகமாகக் குடிக்கும். இப்படிக் குட்டிக் குட்டிப் பயணம் மட்டுமே போகிறவர்கள் ஆயிலைச் சீக்கிரமே மாற்றச் சொல்லிப் பல வண்டிகளின் கையேட்டில் போட்டிருக்கும். யாரும் படிப்பதில்லை. நானும் இந்த முறைதான் படித்தேன்.

டிக்கியைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, இரண்டு பைக்கு மேல் கேட்காதீர்கள்.

நேற்று சாயங்காலம் வந்து நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். பழைய வண்டியின் பின்பக்கம் இருந்த இடம் காலியாக இருந்ததல்லவா, அந்த 80 சென்டிமீட்டரில் பக்கத்து வீட்டுக்காரர் தன் ஸ்கூட்டரைக் குறுக்காக நிறுத்தியிருக்கிறார். என்னிடம் கேட்கவில்லை. கனகச்சிதமாக இருந்தது. நானும் ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குள் போய்விட்டேன்.