13.5 டன் தங்கமா? கொஞ்சம் நில்லுங்க

சீனால ஒரு மேயர் வீட்டு பேஸ்மென்ட்ல 13.5 டன் தங்கம் சிக்குச்சு, ஆளைத் தூக்குல போட்டுட்டாங்கன்னு ஒரு ஃபார்வர்டு, அடுக்கி வச்ச தங்கக்கட்டி வீடியோவோட சுத்திட்டே இருக்கு. ஆள் நிஜம்தான், பேரு சாங் சீ. ஹைனான் மாகாணத்துல டான்ஜோ, சான்யான்னு ஒவ்வொரு ஊரா கட்சிச் செயலாளரா இருந்து, கடைசியா தலைநகர் ஹைகோவுக்கு வந்தவரு. அங்க மேயரை விட கட்சிச் செயலாளர்தான் பெரிய ஆளு, ஃபார்வர்டு எழுதுனவருக்கு அதுவே தெரியல.

2019 செப்டம்பர்ல கட்சியோட ஒழுங்கு ஆணையம் இவரை விசாரிக்கிறதா அறிவிச்சுது, வழக்கமான ரெண்டு வரி, ஒழுங்கு மீறல் சட்ட மீறல்னு, தங்கத்தப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. 2020 டிசம்பர்ல தீர்ப்பு, லஞ்சம் வாங்குனது சுமார் 10.7 கோடி யுவான், அன்னைக்கு ரேட்டுக்கு நம்ம பணத்துல 120 கோடி கிட்ட. தண்டனை ஆயுள், தூக்கு இல்ல.

கணக்கு போட்டுப் பாருங்க, 13.5 டன்னுன்னா 13,500 ஒரு கிலோ கட்டி, அந்த வருஷ விலைக்கே 4,500 கோடிக்கு மேல போகும். 120 கோடி எங்க, இது எங்க!

வீட்ல பணம் குவிஞ்ச கேஸே இல்லன்னு சொல்லல. 2014ல வெய் பெங்யுவான்னு ஒரு எரிசக்தித் துறை அதிகாரி வீட்ல 20 கோடி யுவானுக்கு மேல ரொக்கம், எண்ண 16 மெஷின் கொண்டு வந்து அதுல 4 புகைஞ்சே போச்சு.