சோத்துக்காக மட்டும்தான் நாய் ஒட்டுதா?

நெட்டுல ஒருத்தர் நாய் மனுசங்ககிட்ட ஒட்டுறது சோத்துக்காக மட்டும்தான், பாசம்ங்கிறது நம்ம கற்பனைனு போட்டிருக்காரு, பலரும் அதை ஷேர் பண்றாங்க. அது சரியில்லைங்க.

அமெரிக்காவுல எமரி யுனிவர்சிட்டில கிரெகரி பெர்ன்ஸ் டீம் 15 நாய்ங்களை மயக்க மருந்து இல்லாம எம்ஆர்ஐ ஸ்கேனர்ல படுக்கப் பழக்கி பார்த்தாங்க, 13 நாய்க்கு ஓனரோட பாராட்டு தீனி அளவுக்கு, சிலதுக்கு அதைவிட கூடுதலாவே மூளையில சந்தோசத்தை கிளப்புச்சு. ரெண்டுதான் தீனி பக்கம். 2016ல வந்த ஆய்வு, பெர்ன்ஸ் பேரையும் வருசத்தையும் போட்டு கூகுள் பண்ணா யாரும் படிக்கலாம்.

எங்க மன்னார்குடி பக்கம் சோறு வைக்கிறது அம்மா, ஆனா குறுவை அறுப்புல களத்துல காவலுக்கு படுக்குற தாத்தா கால்மாட்டுலதான் நாய் கிடக்கும். உங்க வீட்டுலயும் வயிறு நிறைஞ்சப்புறம் அது யார்கிட்ட போகுதுன்னு பாருங்களேன்.