மூத்தவள் அதிகாரம் பண்ணுகிறாளாம்

அந்தப் பட்டிமன்றத் துண்டு வீடியோவை இன்னும் எத்தனை பேர் எனக்கு அனுப்புவீர்கள்? பார்த்துவிட்டேன். "மூத்தது அதிகாரம் பண்ணும், நடுவுல உள்ளது ஏங்கும், கடைக்குட்டி பாசத்தைக் கொட்டும்" என்று அதில் பேச்சாளர் சொன்னதும் அரங்கமே கைதட்டியது. என்னால் கைதட்ட முடியவில்லை. அதிகாரம் மூத்த பிள்ளையின் பிறவிக் குணம் இல்லை. வீடு அவள் தலையில் ஏற்றி வைத்த வேலை.

என் அப்பா லாரி ஓட்டினார். லோடு ஏற்றிப் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. அம்மா விடிவதற்குள் மில்லுக்குக் கிளம்பிவிடுவார். தங்கைக்குச் சடை பின்னி, தம்பிக்குச் சோறு கட்டி, இரண்டு பேரையும் பள்ளிக்கு இழுத்துப் போனது நான். தம்பி எங்காவது விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டு வந்தால் அடி எனக்குத்தான். "நீ எதுக்குடி இருக்கற, பாத்துக்க மாட்டியா?" அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. இன்று அதே தம்பி தன் மனைவியிடம், "அக்கா எப்பவும் மிலிட்டரி" என்று சொல்லிச் சிரிக்கிறான். அன்று நான் கத்தாமல் இருந்திருந்தால் அவன் ஒரு நாளாவது மணி அடிக்கும் முன் பள்ளிக்குப் போயிருப்பானா?

மேடையில் அந்தப் பேச்சாளர் உளவியல் அறிஞர் ஆட்லர் பெயரையும் இழுத்தார். வியன்னா மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லர், தம்பியோ தங்கையோ பிறந்ததும் மூத்த பிள்ளை அரியணை இழந்த அரசன் மாதிரி ஆகிவிடுகிறது என்று சொன்னது உண்மைதான். ஆனால் எத்தனையாவதாகப் பிறந்தது என்பதைவிட எந்தச் சூழலில் பிறந்தது என்பதுதான் குணத்தைத் தீர்மானிக்கிறது என்று சொன்னவரும் அவரேதான். அந்தப் பாதி மட்டும் எந்த மேடையிலும் வராது.

2015-இல் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியைச் சேர்ந்த 20,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்தார்கள். கலகலப்பு, பொறுப்புணர்வு, இணக்கம் எதற்கும் பிறந்த வரிசையோடு தொடர்பு இல்லை. மூத்ததெல்லாம் பிறவியிலேயே அதிகாரம் என்றால் அங்கேயும் தெரிந்திருக்க வேண்டாமா? 2007-இல் நார்வேயில் ராணுவத்துக்கு அழைக்கப்பட்ட இளைஞர்களின் அறிவுத்திறன் மதிப்பெண்களைப் பார்த்தார்கள். அண்ணனோ அக்காவோ சிறுவயதிலேயே இறந்துபோனதால் வீட்டில் மூத்தவராக வளர்ந்த இரண்டாம் பிள்ளைகள், முதலில் பிறந்தவர்களுக்கு இணையாக எடுத்திருந்தார்கள். பிறந்த எண் மாறவில்லை. வீட்டில் அவர்களுடைய இடம்தான் மாறியது. நானும் இதைத்தானே சொல்கிறேன்!

"கடைக்குட்டிக்கும் கஷ்டம் உண்டு" என்பீர்கள். உண்டு, சரி. "மூத்த பிள்ளைக்குத்தானே புதுத்துணி, முதல் மரியாதை எல்லாம்" என்பீர்கள். அது மூத்த மகனுக்கு. மூத்த மகளுக்குக் கிடைத்தது துடைப்பமும் தம்பியும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசாதீர்கள், எனக்குக் கோபம் வருகிறது. "இதற்கெல்லாமா இவ்வளவு கோபம், வெறும் நகைச்சுவைதானே" என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். அவருக்கு இரண்டு அக்கா. அவர்களிடம் கேட்டுவிட்டு வந்து எழுதட்டும்.

நான் தபால் வழியில் பி.காம். படித்தேன். தம்பி ஹாஸ்டலில் தங்கி இன்ஜினியரிங் படித்தான். ஃபீஸில் என் சம்பளமும் இருந்தது. கொடுத்ததற்கு வருத்தமே இல்லை, இன்று கேட்டாலும் கொடுப்பேன். ஆனால் வீட்டை அவன் பெயருக்கு எழுதும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்றேன். "ஆரம்பிச்சிட்டா அதிகாரத்த" என்றார் சித்தப்பா. பொறுப்பைச் சுமக்கும்வரை நான் தங்கமான பெண். வாயைத் திறந்து கேட்டதும் அது அதிகாரம் ஆகிவிட்டது.

வருகிற வாரம் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட இருக்க யார் லீவு போடுவது என்று குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் கேட்டேன். எல்லாரும் பார்த்துவிட்டார்கள், யாரும் பதில் போடவில்லை. நானே லீவு சொல்லிவிட்டேன். தயவுசெய்து யாரும் கமென்ட்டில் வந்து, இதுவும் மூத்த பிள்ளை குணம் என்று எழுதாதீர்கள்.