ஒவ்வொரு இலக்கமாக அழித்துப் பாருங்கள்
7,39,39,133 ஒரு பகா எண் என்று கட்டுரையில் சொன்னது சரி, ஆனால் அதன் அழகையே விட்டுவிட்டீர்களே! வலது ஓரத்திலிருந்து ஒவ்வொரு இலக்கமாக அழித்துக்கொண்டே வாருங்கள்: 73,93,913, அப்புறம் 7,39,391, 73,939, 7,393, 739, 73, கடைசியில் 7, அத்தனையும் பகா எண்தான். காரைக்குடி வீட்டுத் திண்ணையில் என் மகள் இதை சாக்பீஸால் எழுதி, கட்டைவிரலால் தேய்த்துத் தேய்த்து அழித்தாள். 739க்கு வந்ததும், 2 முதல் 23 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்த பிறகுதான் நம்பினாள். இந்த மாதிரி எண்கள் மொத்தமே 83, அவற்றில் இதுதான் பெரியது. பின்னால் இன்னோர் இலக்கம் சேர்த்தால் போச்சு. 1 சேர்த்தால் இலக்கக் கூட்டுத்தொகை 39, 7 சேர்த்தால் 45, இரண்டுமே மூன்றால் வகுபடும். 3, 9 சேர்த்தாலும் பகு எண்தான்.